கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். போட்டோ, மீன் தொட்டி, தொலைநோக்கி என்று ஆளுக்கொரு பொழுதுபோக்கு, ஆனால் எல்லோருக்கும் ஒரே எரிச்சல்: இணையக் குழுவில் கேட்டால் கிடைக்கிற பதில்கள். சரி, ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம்.

கேள்வி: ஓடி விளையாடும் குழந்தையைப் பழைய கேமராவில் எடுத்தால் படம் கலங்கலாகவே வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். 11 பதில்கள். 8 பேர் "புதுசு வாங்குங்க" என்றார்கள். மீதி 3 பேர் எந்தப் புதுசு என்று தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். நான் கோபப்படலாமா?

தாராளமாக. பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற கதைதான் இது. முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு திறந்திருக்கும் நேரம்) 1/500 நொடிக்குக் கொண்டுபோங்கள், அதனால் படம் இருண்டால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறன் அளவைக் கூட்டுங்கள், மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும், கலங்கின முகத்துக்கு அது எவ்வளவோ மேல். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை எழுத ஷட்டர் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும், "புதுசு வாங்குங்க" என்று எழுத எதுவுமே தெரிந்திருக்க வேண்டாம். தான் வாங்கியது சரிதான் என்று நிம்மதி அடைய இன்னொருவரையும் அதையே வாங்க வைக்கிற ஆசாமிகளும் உண்டு, அது தனிக் கதை.

கேட்டதை விட்டு வேறு பேசுவது எப்போதுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். சிலர் தங்கள் பிரச்சினையைக் கேட்க மாட்டார்கள், தாங்களே யோசித்து வைத்த அரைகுறைத் தீர்வைப் பற்றிக் கேட்பார்கள். தொட்டித் தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்ற சுலபமான வழி என்ன என்று ஒருவர் கேட்டால், வழி சொல்வதைவிட "ஏன் தினமும் மாற்றுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான் உதவி. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை.

கேள்வி: "கூகுளில் தேடினால் கிடைக்குமே" என்று பதில் போடுவது தப்பா?

தேடிவிட்டுத்தான் வந்திருப்பார். இன்னொரு வேடிக்கை, அடுத்து ஒருவர் தேடும்போது வந்து நிற்கப்போவது உங்களுடைய இந்தப் பதில்தான். சுட்டி இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் கடந்து போங்கள்.

கேள்வி: "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதலாமா?

உங்கள் தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை நாளாக ஓடுகிறது என்று சேர்த்து எழுதினால் அது தகவல். வெறுமனே எழுதினால் பெருமூச்சு.

கேள்வி: தப்பான பதிலைப் பார்த்தால் கை பரபரக்கிறது. மனம் நோகாமல் எப்படித் திருத்துவது?

என் கதையைச் சொல்கிறேன். புதுத் தொட்டியில் மீன்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன என்று ஒருவர் கேட்டதற்கு, பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கசக்கிக் கழுவுங்கள் என்று பெரிய மேதாவி போல எழுதினேன். மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன, புதுத் தொட்டியில் அவை நிலைபெறவே பல வாரம் ஆகும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அந்தக் குடியிருப்பே காலி. இதையெல்லாம் எனக்கு ஒருவர் பொறுமையாக விளக்கினார், "தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்" என்று முடித்தார். "உனக்கு என்ன தெரியும்" என்று ஒரு சொல் இல்லை. அவர் காரணத்தைச் சொன்னதால் எனக்கு மறுத்துப் பேச இடமே இல்லாமல் போனது. நான் என் பதிலை அழிக்கவில்லை, மேலே "இது தவறு, கீழே பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அழித்திருந்தால் அவருடைய விளக்கம் யாருக்கு, எதற்கு என்றே புரியாமல் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

ஆபத்தான தப்பு என்றால் இந்த நளினமெல்லாம் வேண்டாம். தொலைநோக்கியில் சாதாரணக் கூலிங் கிளாஸ் கண்ணாடியை வைத்துச் சூரியனைப் பார்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தால், அது பத்து வருடப் பழைய பதிலாக இருந்தாலும் உடனே மறுத்து எழுதுங்கள், பார்வையே போய்விடும். தொலைநோக்கியின் முன்பக்கத்தில் அதற்கென்று தயாரித்த சூரிய வடிகட்டி இல்லாமல் பார்க்கவே கூடாது. பழசைக் கிளறாதே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

கேள்வி: என்னை மட்டம் தட்டி எழுதியவருக்குச் சுடச்சுடப் பதில் தயார். அனுப்பட்டுமா?

காலையில் அனுப்புங்கள். இது என் யோசனை இல்லை. 1995 அக்டோபரில் ஆர்எப்சி 1855 என்று இணைய நடத்தைக்கு ஒரு வழிகாட்டி வந்தது, உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு ஆறப்போட்டு அனுப்பச் சொன்னது அதுதான். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவது போல இருக்கும் என்றும் அதில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து இல்லை, நம் ஆட்கள் அந்தக் குறையை ஆச்சரியக்குறி போட்டே தீர்த்துவிடுகிறார்கள்.

கேள்வி: மெனக்கெட்டு ஒரு பக்கம் பதில் எழுதினேன். கேட்டவர் ஆளையே காணோம். இனி எழுதவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

எழுதுங்கள், அதே கேள்வியோடு இன்னொருவர் வருவார். எனக்குக் காணாமல் போகிறவர்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. மறுநாள் வந்து "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறாரே, அவர்மேல்தான். எப்படிச் சரியானது, ஐந்து பேர் சொன்னதில் எது வேலை செய்தது, ஒன்றும் கிடையாது. என் கேமராவில் வந்த ஒரு பிழைச் செய்திக்கு இரவு ஒரு மணி வரை தேடி, அச்சு அசலாக அதே பிழையோடு ஒருவரைக் கண்டுபிடித்து, ஆவலாகக் கீழே இறங்கிப் போனால் அந்த இரண்டே சொல். அந்த மகானுக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.