சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு: 44 நிமிடமா, ஒரு மணித்தியாலமா?

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: திருகோணமலை சீனக்குடாவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 185 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 44 நிமிடம் என்று இணையக் கணிப்பான் காட்டுகிறது. வாடகை விமானக்காரரோ ஒரு மணித்தியாலம் என்கிறார். எதை நம்புவது? கொழும்புக்கும் இதே கணக்கா?

தூரம் சரி, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சீனக்குடா 8.54 பாகை வடக்கு, 81.18 கிழக்கு, பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. வடக்கே 1.25 பாகை, அதாவது சுமார் 139 கிலோமீற்றர், மேற்கே 1.11 பாகை, சுமார் 122. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 185 வரும். வவுனியா சுற்றிப் போகும் தரைவழி 230 கிலோமீற்றருக்கு மேல்.

பிழை நேரத்தில்தான். இத்தகைய கணிப்பான்கள் பல, பெரிய ஜெற் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீற்றரை எடுத்து, ஏறி இறங்க 30 நிமிடம் சேர்த்துவிடுகின்றன. 14 கூட்டல் 30, உங்கள் 44. இந்தக் குறுந்தூரத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செஸ்னா கரவன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானம். அதற்கு மணிக்கு 300 கிலோமீற்றர் என்று வைத்தால் 37 நிமிடம். மேலேறும்போது வேகம் குறைவு, இறங்குமுன் ஓடுபாதைக்கு நேராக வளைந்து வரவேண்டும். அதற்கு 10 நிமிடம். தரையில் ஓடுவதற்கு இன்னொரு 10. ஆக, விமானக்காரர் சொன்ன ஒரு மணித்தியாலம்தான் நியாயமான கணக்கு.

இனிக் கொழும்பு. அதை அடுத்த இரத்மலானை விமான நிலையத்துக்கு 238 கிலோமீற்றர். இங்கே காற்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பயணத் திசை தென்மேற்கு. ஆனி, ஆடியில் கச்சான் வீசுவதும் அங்கிருந்துதான். 20 நொட் எதிர்க்காற்று மணிக்கு 37 கிலோமீற்றரை விழுங்கிவிடும். காற்றில்லாத நாளில் 48 நிமிடம் எடுக்கும் பறப்பு 54 ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிட, 42. ஏற்றம், இறக்கம், தரையோட்டம் இதற்கு மேல். பலாலிப் பாதை வடமேற்காகப் போவதால் கச்சான் பக்கவாட்டில் அடிக்கும், நேரம் அவ்வளவாக மாறாது. சீனக்குடா ஓடுபாதையே வடகிழக்கு–தென்மேற்காகத்தான் கிடக்கிறது. கச்சான் காலத்தில் விமானி காற்றை எதிர்த்துத் தென்மேற்காகக் கிளம்பிப் பிறகே வடக்கே திரும்புவார். விமானம் வேறு ஊருக்குப் போகிறதோ என்று பதறவேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலில் இடிமுகில் திரளும். சிறிய விமானம் அதற்குள் நுழையாது, சுற்றித்தான் போகும். சில நாள் கிளம்பவே கிளம்பாது. அந்த மாதங்களில் காலைப் பறப்பையே கேளுங்கள். பொதிகளை மட்டுமல்ல, உங்களையும் நிறுப்பார்கள். உண்மையான எடையைச் சொல்லுங்கள், எரிபொருள் அளவு அதைப் பொறுத்தது. சீனக்குடா விமானப்படைத் தளம் என்பதால் அடையாள அட்டையை மறக்கவேண்டாம்.

கொழும்பு என்று தட்டினால் பல கணிப்பான்கள் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளும். அது 207 கிலோமீற்றர். வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கப் போகிறவர் இரத்மலானையில் இறங்கினால், கொழும்பு நெரிசலைக் கடந்து கட்டுநாயக்க போக இன்னும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வேண்டும். எந்த நிலையத்தில் இறக்குவார்கள் என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.