ரியூசன் வாசலில குறூப் சண்டை

கேள்வி: மகனுக்கு 16 வயசு. ரியூசனில ரெண்டு குறூப், இவனும் ஒரு பக்கம். கேட்டா மானப்பிரச்சினை எண்டுறான். என்ன செய்யிறது? (ஒரு தாய், தருமபுரம்)

பதில்: அக்கா, இண்டைக்கே கதையுங்கோ, ஆனா அடிச்சுக் கேக்காதேங்கோ. ஒரு முறைப்பு, ஒரு பேஸ்புக் கொமன்ற், அதில தொடங்கிறதுதான், தனியப் போனா அடி விழும் எண்ட பயத்தில பெடியள் குறூப்போட ஒட்டுறாங்கள், பிறகு விலகினா கோழை எண்டுவாங்கள், அந்தச் சொல்லுக்குத்தான் கூடப் பயம். 2009 யுத்தத்தில எல்லாம் இழந்து வந்த சனம் நாங்கள், கூலிக்கு விடியப் போனா இருட்டத்தான் வீடு, பிள்ளையோட இருந்து கதைக்க ஆர் இருக்கினம்?

இந்தச் சண்டை வாள்வெட்டில முடிஞ்சு கையில நரம்பு அறுந்தா தைச்சாலும் விரல் பழையபடி மடங்காமப் போகலாம். வெட்டினவனுக்கு வழக்கு, படிப்புக் குழப்பம், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் றிப்போட் கேக்கேக்க அதுவும் சிக்கல்.

மற்றப் பக்கத்துப் பெடியன்ர தாயைப் போய்ச் சந்தியுங்கோ அக்கா, அவவும் உங்களை மாதிரித்தான் நித்திரை இல்லாமல் இருப்பா. வாள், கத்தி எண்டு கதை வந்தா 1929க்கு எடுங்கோ, இலங்கைச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நம்பர், எடுக்கிறதுக்குக் காசில்லை.