குளிர்காலத்தில் கித்தான் கூடாரத்துக்குள் விறகு அடுப்பு வைத்துத் தூங்கலாமா?

அடுப்பு வைக்கலாம். அதில் கங்கு கிடக்கும்போது தூங்கக் கூடாது.

உங்கள் ஊர் மார்த்தாண்டம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள், டிசம்பரில் கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறீர்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் பனிக்குள் கூடாரம் போட்டு அடுப்பு மூட்டும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் குலசேகரத்துக்காரன். கன்னியாகுமரிக்காரனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், பட்டாளத்தில் காஷ்மீரில், குப்வாரா பக்கம் இருந்தவன்.

அங்கே கூடாரத்துக்குள் புகாரி என்கிற தகர அடுப்புதான் உயிர். புகைக்குழாய் கூரை வழியாக மேலே போகும். அந்தத் துளையைச் சுற்றித் தீப்பிடிக்காத துணி தைத்திருக்கும். ஒரு ராத்திரி விறகு எரிந்து அடங்கிய பிறகு, சூடு வீணாகப் போகிறதே என்று புதிதாக வந்த பையன் குழாயை அடைக்கும் தகட்டை மூடிவிட்டு, வாசலையும் இறுக்கக் கட்டிவிட்டான். தூக்கத்திலேயே எனக்குத் தலை இடிக்கிறது, குமட்டுகிறது. எழுந்தால் கால் நிற்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த ஹவில்தாருக்கு உடனே புரிந்துவிட்டது. விளக்கைக்கூடத் தேடவில்லை, வாசல் கயிற்றைக் கத்தியால் அறுத்து, எங்களை ஒவ்வொருவராகக் காலைப் பிடித்துப் பனியில் இழுத்துப் போட்டார். அந்தப் பையனுக்கு நினைவு தெளிய விடிந்துவிட்டது. அவர் இல்லையென்றால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை.

புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் தானாக வெளியே ஓடுவான். நம் ஊரில் ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புகைப்புரைக்குள், ஷீட் திருப்பிப் போடப் போனவர்களுக்கு அது தெரியும். கங்கில் அந்தப் புகை இருக்காது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். சிரட்டைக்கரியை, அதாவது கொட்டாங்குச்சிக் கரியை, சட்டியில் போட்டுக் கூடாரத்துக்குள் வைப்பது, குழாய் வைத்த அடுப்பைவிட மோசம் என்பது இதனால்தான். சும்மா பயமுறுத்துகிறேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

குழாயின் வாய் கூடாரத்தின் உச்சியைவிட உயரமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு, இரண்டும் ராத்திரி முழுக்கத் திறந்தே இருக்கட்டும். அப்புறம், ஈர விறகு வேண்டாம். அதன் புகை குழாய்க்குள் தார் மாதிரி படிந்து, ஒரு நாள் குழாயே தீப்பிடிக்கும்.

காய்ந்த விறகுக்கு இப்போது எங்கே போவது என்பது வேறு கதை. எங்கள் பக்கம் ரப்பர் மரம் முறித்தால் தடி அப்படியே லாரி ஏறிக் கேரளத்துப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போய்விடுகிறது. இருபத்தைந்து வருடம் வளர்த்த மரம். அடுப்புக்கு நாலு கம்பு போட்டுவிட்டுப் போங்கள் என்றால், மரம் எடுக்க வருகிற வியாபாரி அதற்கும் விலையில் கழிக்கிறார். கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்கு எடுக்கும் கூடாரம் நைலானோ பாலியெஸ்டரோ என்றால் அடுப்பை மறந்துவிடுங்கள், பொறி பட்டாலே உருகும். கித்தான்தான் என்றால், படுக்கும் முன் கங்கு முழுவதையும் தகர வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரிக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி எடுத்துக்கொண்டு போனால் போதும்.