மனநல ஆய்வுக் கட்டுரைகளால் வீட்டில் இருக்கும் நோயாளிக்கு என்ன பயன்?

கேள்வி கேட்டவர் யாரோ ஒரு பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதி யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறார். நான் டாக்டர் இல்லை. அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனால் சென்னை மனநல டாக்டர் ஆர். தாராவின் ஆய்வு எங்கள் வீட்டு நடை ஏறி வந்த கதையைச் சொல்ல முடியும்.

அப்பாவின் தங்கைக்கு மனச்சிதைவு நோய், இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே திரும்பி வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பேர்தான், கோட்டி. வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் மாத்திரை.

அத்தைக்கு ஊனச் சான்றிதழ் வாங்க பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "தானா குளிப்பாங்களா?"

"நாஞ் சொன்னா குளிப்பா சார். சொல்லலேன்னா இருந்த எடத்துலயே இருப்பா."

"வீட்டுக்கு யாராவது வந்தா பேசுவாங்களா?"

"உள்ள போயி கதவச் சாத்திக்கிடுவா."

ரத்தமும் எடுக்கவில்லை, ஸ்கேனும் இல்லை. நான்கே விஷயம்: தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்; கஷ்டம் கூடக் கூட மார்க்கும் கூடும். நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்குத் தனியாக 4 வரை. ஆக மொத்தம் 20. மார்க் கூடினால் நிலைமை மோசம் என்கிற ஒரே பரீட்சை இதுதான். 7 வந்தால் 40 சதவீத ஊனம் என்று கணக்கு. அந்த 40-ஐத் தொட்டால்தான் சலுகைகளுக்கு வழி. அத்தைக்கு 1, 2, 1, 3. பத்து வருஷம் தாண்டிய நோய் என்பதால் இன்னொரு 4. கூட்டினால் 11.

அந்த அளவுகோலின் பேர் ஐடியாஸ். இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. தாராவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 2002-ல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. கை கால் நன்றாக இருக்கிறவருக்கு என்ன ஊனம் என்று கேட்ட ஆபீசர்களுக்கு எண்ணில் பதில் சொல்ல அதற்குப் பிறகுதான் முடிந்தது. இதே சான்றிதழை எத்தனையோ பேருக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதில் இருக்கிற சதவீதம் எப்படி வந்தது என்று யோசித்ததில்லை.

தாரா, மனநல டாக்டர் சாரதா மேனனோடு சேர்ந்து 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைச் சென்னையில் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னையில் முதல்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது அவருடைய பெரிய வேலை. 20 வருஷக் கணக்கு 2004-ல் வெளியானது. அதற்குள் 61 பேர்தான் பார்வையில் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் வருவதும் தணிவதுமாகவே போயிருக்கிறது. அத்தை ஆறு மாசம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் "மாத்திரை வேலை செய்யலியே" என்று அப்பா புலம்புவார். இதைப் படித்த பிறகு நான் அப்படிப் பதறுவதில்லை.

2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றிலும் அவர் உண்டு. கோவா, காஞ்சிபுரம், மகாராஷ்டிராவின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்; ஓரளவு பலன் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு அப்படி யாரும் வந்ததில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மனச்சிதைவால் மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி 2003-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதியது, இரண்டு பகுதி. ஒன்றில் பெண்களின் பேச்சு, மற்றதில் குடும்பத்தாரின் பேச்சு. நோயைவிட, புருஷன் விட்டுட்டுப் போனவள் என்கிற பேர்தான் அவர்களை அதிகமாக வதைக்கிறது என்று அதில் இருக்கிறது. அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் எண்ணிப் பார்க்கலாம். நான் எண்ணவில்லை.

அத்தை இன்னும் தாலியோடுதான் இருக்கிறார். "அந்த ஆளு வேற கல்யாணமே பண்ணிட்டாரு, கழட்டிப் போட்டா என்ன?" என்று முன்பெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மாவையும் அத்தையையும் பைக்கில் ஒவ்வொருவராகப் படித்துறையில் இறக்கிவிடுகிறேன். மஞ்சள் கயிறு இரண்டாக வாங்குவதும் நான்தான்.