கேளுங்க சொல்றேன்: அலமாரிக்குள்ள அம்மா

கேள்வி: பத்து நிமிஷ குறும்படம் ஒண்ணு பார்த்தேன் சார். அம்மா செத்துப்போன பொண்ணு அலமாரியைத் திறக்குறா, உள்ள அதே வீடு, அங்க அம்மா முதுகைக் காட்டி உக்காந்து சின்னப் புள்ளைங்க துணியா மடிச்சிட்டே இருக்காங்க, எவ்ளோ கூப்பிட்டும் திரும்பல, அதோட படம் முடிஞ்சுது. பேயும் இல்ல ரத்தமும் இல்ல, ஆனா ரெண்டு நாளா தூக்கம் போச்சு. இது பேய்ப்படமா, சோகப்படமா?

பதில்: அந்தத் துணி எல்லாமே பொண்ணோட சின்ன வயசு துணினு நினைக்கிறேன். அங்க போன அம்மாவுக்கு மக இன்னும் குட்டிப் பாப்பாதான், அதனால வளந்த பொண்ணு குரல் அவங்களுக்கு யாரோ கூப்பிடுற மாதிரிதான் இருக்கும். செத்தவங்க தேடி வந்து கழுத்தப் புடிச்சா ஓடிடலாம், இவங்க நம்மள அடையாளமே தெரியாம நிம்மதியா இருக்காங்களே, அதுக்கு எங்க ஓடுறது? பயமும் துக்கமும் ஒரே இடத்துலதான் இருக்கு, பிரிச்சு பேர் வைக்கத் தெரியல எனக்கு.

வீட்டுச் சாமான் வழியா மறுஉலகம் போறது பழைய வித்தைதான். 1950ல ழான் காக்தோங்கிற பிரெஞ்சு இயக்குநர் ‘ஓர்ஃபே’ படத்துல ஹீரோவை நிலைக்கண்ணாடி வழியா அனுப்பினார், கை கண்ணாடிக்குள்ள முங்குற ஷாட்டுக்கு தொட்டில பாதரசம் ஊத்தி எடுத்தாங்க. (இப்ப யாரும் அத ட்ரை பண்ணாதீங்க, விஷம்.)

கேள்வி: அப்பா போய் நாலு மாசம் ஆச்சு. ராத்திரி அவர் செருமுற சத்தம் கேக்குது. எனக்கு மூளை குழம்பிடுச்சா?

பதில்: இல்லம்மா. டெவி ரீஸ்னு ஒரு டாக்டர் வேல்ஸ்ல துணையை இழந்த 293 பேர்கிட்ட பேசி 1971ல எழுதினார், அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு போனவங்க பக்கத்துல இருக்குற மாதிரி தோணியிருக்கு, சிலருக்கு குரல் கேட்டிருக்கு, சிலருக்கு ஆளே தெரிஞ்சிருக்கு. பெரும்பாலானவங்க வெளிய சொன்னதே இல்ல, உங்கள மாதிரியே பயம். ஆனா நிறைய பேருக்கு அது ஆறுதலா இருந்திருக்கு. தூங்க முடியல, பயமா இருக்குன்னா மட்டும் டாக்டரப் பாருங்க.

கேள்வி: நானும் இப்படி ஒரு படம் எடுக்கப்போறேன். ஒரு டிப்ஸ்?

பதில்: மியூசிக்க எடுத்துடுங்க. செருமல் சத்தம் மட்டும் போதும், அதுவும் ஒரே தடவை.