சிமோன் வெய்யின் மௌனம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு அரசியல்வாதி சிமோன் வெய் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டவர் ஏன் அத்தனை வருடம் அதைப் பேசாமல் இருந்தார்? பேசுவது அவர் கடமை அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அவர் பேச முன்வந்தார் என்பதையும், கேட்க ஆளில்லை என்பதையும் நான் உரையில் சொல்லாமல் விட்டது தவறு. (தத்துவவாதி சிமோன் வெய் வேறொருவர். பெயர் ஒலிப்பு ஒன்றுதான்.)

1944 மார்ச் இறுதியில், நீஸ் நகரில், பள்ளியிறுதித் தேர்வு எழுதிய கையோடு, யூதர் என்பதற்காகப் பிடிபட்டபோது அவருக்குப் பதினாறு வயது. ஏப்ரல் 13 அன்று அம்மாவோடும் அக்கா மதலேனோடும் பாரிஸ் அருகே இருந்த திரான்சி முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டார். இசியூ என்ற ஊரில் யூதக் குழந்தைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த விடுதியில் பிடிக்கப்பட்ட குழந்தைகளில் 34 பேரும் அதே ரயிலில்தான் போனார்கள். இதை எழுதும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. இறங்கிய இடத்தில், வயது பதினெட்டு என்று சொல்லும்படி ஒரு கைதி அவர் காதில் ஓதினார். வேலைக்கு உதவாத வயது என்று கொல்லப்படாமல் அந்தப் பொய்தான் அவரைக் காப்பாற்றியது. கையில் 78651 என்று பச்சை குத்தினார்கள்.

அம்மா 1945 மார்ச்சில் பெர்கன்-பெல்சன் முகாமில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். பிரிட்டிஷ் படை வந்து சேர்ந்தது அடுத்த மாதம். பால்டிக் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பாவும் அண்ணனும் திரும்பவே இல்லை.

இன்னொரு அக்கா தெனிஸ், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் செயல்பட்டுப் பிடிபட்டு, ராவென்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு மீண்டவர். அவரைக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள், ஆர்வமாகக் கேட்டார்கள். சிமோனும் மதலேனும் வாயெடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரே வீட்டுப் பெண்கள்தான். ஆனால் தெனிஸின் கதை பிரான்ஸைத் தலைநிமிர வைத்தது. மற்ற இருவரின் கதையோ, யூதர்களை வீடு வீடாகப் பிடித்துக் கொடுத்த பிரெஞ்சு போலீசை நினைவூட்டியது. பிரான்ஸிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 76,000 யூதர்களில் திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அந்தச் சிலருக்கும் ஊர் காது கொடுக்கவில்லை.

ஒரு விருந்தில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அவர் கையைப் பார்த்து, அது மேலங்கி வைக்கும் அறையின் எண்ணா என்று சிரித்தபடி கேட்டார். அதன்பின் பல வருடம் முழுக்கைச் சட்டைதான் போட்டார். கடமை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த விருந்தில் நின்றவரிடம் அதை எப்படிச் சொல்வது? முகாமைப் பற்றி விளக்கம் எதுவும் தேவைப்படாமல் பேச அவருக்கு மதலேன் ஒருவர்தான் இருந்தார். 1952இல் கார் விபத்தில் மதலேனும் போய்விட்டார்.

1974இல் சுகாதார அமைச்சராகக் கருக்கலைப்புச் சட்டத்தை முன்வைத்தபோது, நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் நாஜி முகாம்களின் பிண எரியுலையை உவமையாக இழுத்தார். அப்போதும் சிமோன் நின்று சட்டத்தை நிறைவேற்றிக் காட்டினார்.

பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் நிறையப் பேசினார். பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதமியில் 2010இல் உறுப்பினராக அவர் ஏற்ற சடங்கு வாளில் 78651 பொறிக்கப்பட்டிருந்தது.

அன்புடன்