லேப் ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் அந்த மண்ணும் நிலத்தடி நீரும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உடனே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. முடிவு அட்டவணையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். லேபில் இருக்கும் கருவி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் அளக்கும். கோளாறு சாம்பிள் எடுத்த இடத்திலேயே ஆரம்பித்திருக்கும்.

முதலில் கண்டறியும் வரம்பைப் பாருங்கள், அதாவது லேபால் கண்டுபிடிக்க முடிகிற மிகக் குறைந்த அளவை. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சாம்பிளை நீர்த்துவிட்டு அளந்ததால் லேபின் வரம்பு 20 ஆகிவிட்டது என்றால், 'கண்டறியப்படவில்லை' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள் நிறைய.

அப்புறம் குப்பி. பென்சீன் மாதிரி ஆவியாகும் பொருளுக்கு 40 மில்லி குப்பியைத் தளும்ப நிரப்பி மூடி, கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவுக்குக் குமிழி எழுந்தால் வேறு குப்பி எடுக்க வேண்டியதுதான். நீரில் இருப்பது அந்தக் காற்றுக்குள் போய்விடும், அளவு குறைவாக வரும். அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்தால் 14 நாள் தாங்கும், அமிலம் இல்லையென்றால் 7 நாள்தான். கெடு தாண்டிய சாம்பிளில் 'இல்லை' என்று வந்தால் தூக்கிப் போடுங்கள். 'இருக்கிறது' என்று வந்தால், குறைந்தது இவ்வளவாவது இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

உலோகங்களில் கதை தலைகீழ். கிணற்று நீர் கலங்கலாக இருக்கும்போது வடிகட்டாமல் நைட்ரிக் அமிலம் ஊற்றினால், அதில் மிதக்கும் களிமண்ணிலிருக்கும் ஈயமும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். நீரில் கரைந்திருப்பது மட்டும் வேண்டுமென்றால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே அமிலம்.

இல்லாத மாசு வழியில் நுழைந்ததா என்று காட்டிக்கொடுப்பது ப்ளாங்க், அதாவது சாம்பிள் போலவே சோதிக்கப்படும் சுத்த நீர். லேபில் சுத்த நீர் நிரப்பி, சாம்பிள்களோடு ஒரே பெட்டியில் போய்த் திறக்காமலே திரும்பி வருவது ட்ரிப் ப்ளாங்க். லேபின் சொந்த ப்ளாங்கிலேயே அசிட்டோனோ மெத்திலீன் குளோரைடோ தெரிந்தால், அது அங்கே புழங்கும் கரைப்பானாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மண்ணுக்கு டூப்ளிகேட் ரொம்ப முக்கியம். ஒரே குழியில் எடுத்த இரண்டில் ஒன்று 40, இன்னொன்று 60 என்று வந்தால் வித்தியாசம் 20, சராசரி 50, அதாவது 40 சதவீதம். நீரில் இப்படி வந்தால் நான் விளக்கம் கேட்பேன். மண்ணில் விட்டுவிடுவேன், ஒரு சாண் தள்ளித் தோண்டினாலே வேறு எண் வரக்கூடிய பொருள் அது.

உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் ப்ளாங்க், டூப்ளிகேட் பக்கங்களே இல்லையா? சரி, லேபிடம் தரக்கட்டுப்பாட்டு அறிக்கை என்று தனியாகக் கேளுங்கள். சாம்பிள் கைமாறிய படிவத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்; எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் இருக்கும்.